சைதூன் டீச்சரின் சீப்பு

பந்தியில் இலைக்குத் தண்ணீர் தெளித்தாயிற்று. எல்லோரும் கையால் வழித்துத் தள்ளிவிட்டார்கள். சைதூன் மட்டும் தள்ளவில்லை. இலை நடுவே முத்து முத்தாக நின்ற தண்ணீரில் ஒன்றைச் சுண்டுவிரலால் நகர்த்தினாள். பருப்பின் மேல் விட்ட நெய்யில் ஒரு சொட்டு எடுத்து அதன் பக்கத்தில் வைத்து, இரண்டையும் மோத விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சாம்பார் வாளியோடு வந்தவர் நின்றுவிட்டார். அடுத்த பந்திக்கு இடம் பிடிக்க வந்தவர்கள் எங்கள் முதுகுக்குப் பின்னால் மூச்சு விடுகிறார்கள். "சேராதுக்கா. பாத்தீகளா, எம்புட்டு நெருக்குனாலும் ரெண்டும் சேராது" என்கிறாள் என்னிடம். கல்யாண வீட்டில், மாப்பிள்ளையும் பெண்ணும் காதால் கேட்கிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்லுகிற வார்த்தையா இது? பெண்ணின் தாயார் எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

சைதூன் எங்கள் ஊர்ப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறாள். என் மகள் வளர்மதி அவளிடம்தான் படிக்கிறாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், என்னை அக்கா என்று கூப்பிடுகிறவள். ஆகையால் 'அவள்' என்றே எழுதுகிறேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒல்லி உடம்பு. எப்போதும் சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலைதான். நடக்கிற வேகத்தில் தலையில் போட்ட முக்காடு தோளுக்கு இறங்கிவிடும். இழுத்து விட்டுக்கொண்டே நடப்பாள். பேச்சு நடையைவிட வேகம். ஒரு வாக்கியம் முடிவதற்குள் அடுத்தது வந்து அதன் முதுகில் இடிக்கும்.

அவள் கைப்பையில் பவுடர் டப்பி கிடையாது. கறுப்புச் சீப்பு ஒன்று, கிழித்த காகிதத் துணுக்குகள், மூடி போட்ட மருந்துக் குப்பிகள் இரண்டு. ஒன்றில் தண்ணீர், ஒன்றில் கடலை எண்ணெய். டவுன் பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் சரி, செத்த நேரத்தில் குப்பிகள் வெளியே வந்துவிடும். இதில் உப்பைப் போட்டால் கரைகிறது, அதில் போட்டால் கரையவில்லை, ஏன் என்று கேட்பாள். ரயிலடியில் இறங்க வேண்டிய அம்மாள் பதில் தெரியாத தவிப்பில் பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பியிருக்கிறாள். அந்த அம்மாள் நான்தான். அப்படித்தான் எங்களுக்குப் பழக்கமாயிற்று.

இந்தப் பைத்தியம் அவளை உப்பில்தான் பிடித்தது. அவள் அத்தா என்று கூப்பிடுகிற தகப்பனார் அப்துல் லத்தீப்புக்குப் பேகம்பூரில் தோல் மண்டி. பச்சைத் தோல் கெட்டுப்போகாமல் இருக்க உப்பை வாரி இறைத்து அடுக்குவார்கள். மழைக் காலம் வந்தால் மூலையில் கிடக்கிற உப்பு மூட்டை தானாகக் கசிந்து தரையெல்லாம் ஈரமாகும். யாரும் தண்ணீர் ஊற்றவில்லையே, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று சின்னப் பிள்ளையில் கேட்டாளாம். "உப்புன்னா கசியத்தான் செய்யும், போயி வெளையாடு" என்றாராம் அத்தா. அவள் விளையாடப் போகவில்லை. மதுரைக்குப் போய் ரசாயனத்தில் பி.எஸ்ஸி. வாங்கிக்கொண்டு வந்தாள். அந்தத் தெருவிலிருந்து காலேஜுக்குப் போன முதல் பெண் அவள்தான். "இப்பத்தான்க்கா அத்தாவுக்குப் பதில் சொல்ல முடியிது. காத்துல இருக்குற தண்ணிய உப்பு இழுக்குது. ஏன் இழுக்குதுன்னா..." என்று ஆரம்பிப்பாள். அத்தோடு நம் அடுப்பில் என்ன இருந்தாலும் அது தீய்ந்த கணக்குதான்.

தண்ணீரின் மேல் அவளுக்கு உள்ள ஆசையைச் சொல்லி முடியாது. ஒருநாள் என் அடுக்களை வாசலில் நின்றுகொண்டு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். "நடுவுல நான் பிராணவாயுன்னு வச்சுக்கங்க. ரெண்டு கையிலயும் ஹைட்ரஜன் ஒண்ணொண்ணு. இதுதான் தண்ணியோட ஒரே ஒரு பொடி. ஆனா கைய இப்பிடி நேரா நீட்டிக்கிட்டு நிக்கல. கீழ வளைச்சிருக்கு. இப்பிடி." முழங்கையை மடக்காமல் இரண்டு கைகளையும் கொஞ்சம் கீழே சாய்த்தாள். "இந்த வளைவு மட்டும் இல்லன்னா தண்ணிக்கு ஒண்ணையொண்ணு புடிச்சுக்கிற பலமே இருக்காது. எல்லாம் ஆவியாப் போயிருக்கும். ஆத்தூர் டேமு இருக்காது. கொடைக்கானல் மலையில மழை இருக்காது. நீங்க, நான் யாருமே இல்ல." கையை விரித்தபடி, மூச்சு வாங்க, கண் இரண்டும் மின்ன நிற்கிறாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பொய் சொல்லவில்லை. குடத்திலிருந்து ஒரு தம்ளர் மொண்டு குடிக்கும்போது முதன்முதலாகத் தண்ணீரை உற்றுப் பார்த்தேன்.

இப்படி ஆசை வைத்தவளுக்குச் சென்ற வருஷம் ஒரு சோதனை வந்தது. மேல் வகுப்பில் ரசாயனத்தை விருப்பப் பாடமாக வைத்துக்கொள்ளப் பள்ளிக்கு அனுமதி கிடைத்தது. அது இல்லாவிட்டால் எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குக் காலேஜில் விஞ்ஞானமும் வைத்தியமும் கதவு சாத்தினதுதான். ஆனால் தலைமை ஆசிரியை ஒரு நிபந்தனை போட்டுவிட்டார். "பதினஞ்சு பிள்ளைகளாவது சேரணும். சேரலைன்னா தையலும் சமையலும் போதும். நீங்க பழையபடி கீழ் வகுப்புக்கே போயிருங்க." சைதூன் வீடு வீடாகப் போனாள். சேருகிறோம் என்று சொன்னவர்கள் மூன்று பேர். அதில் ஒன்று என் வீட்டுப் பிள்ளை.

காரணம் வேறொன்றுமில்லை. தாய்மார்களுக்கு ரசாயனம் என்றால் திராவகம். அதைக் கிளப்பிவிட்டது காதர் பீவி. பேகம்பூரில் பிரியாணிக் கடை வைத்திருக்கிற நூர் முகமதுவின் சம்சாரம் அவர்கள். கடையை நடத்துவது நூர் முகமதா, காதர் பீவியா என்று கேட்டால் ஊர் சிரிக்கும். அடுப்புப் புகையில் சிவந்த கண், அரைப் படி அரிசி குறைந்தாலும் தெரிந்துகொள்கிற பார்வை. "பொம்பளப்புள்ள மூஞ்சியில திராவகம் பட்டுச்சுன்னா நாளைக்கு டீச்சரா வந்து கட்டிக்குவாக?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டார்கள். அவ்வளவுதான். நாலு தெரு தாண்டி வேடப்பட்டி வரை அந்தக் கேள்வி போய்விட்டது. காதர் பீவியின் மகள் குர்ஷித் பேகம் வகுப்பில் முதல் மார்க்கு வாங்குகிறவள். அவளே சேரவில்லை என்றால் மற்றவர்கள் எங்கே சேருவது?

சைதூன் இரண்டு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் ஓட்டமாக வந்தாள். "தாய்மாரையெல்லாம் பள்ளிக்கொடத்துக்குக் கூப்புடப்போறேன்க்கா. அத்தாமாரக் கூப்புட்டா தலையாட்டிட்டு வீட்டுல போயித்தான கேப்பாக? கேக்குற எடத்தையே கூப்புட்டுருவோம்." தலைமை ஆசிரியையும் சம்மதித்தார். ஒரு கூட்டம், ஒரு மணி நேரம். அதற்குப் பிறகும் ஆள் சேரவில்லை என்றால் பேச்சு அதோடு முடிந்தது.

சனிக்கிழமை எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒத்திகை நடந்தது. பால் பவுடர் டின் இரண்டை எடுத்து அடியில் ஆணியால் ஒரு துளை போட்டாள். ஒன்றைக் கொடிக் கம்பியில் தொங்கவிட்டுத் தண்ணீர் ஊற்றினாள். நூல் மாதிரி ஒரு தாரை இறங்கியது. கறுப்புச் சீப்பை எடுத்துத் தன் தலையில் சரசரவென்று பத்துப் பதினைந்து தரம் வாரி, அந்தத் தாரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். தொடவில்லை. தண்ணீர் வளைந்தது. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி, சீப்பு இருக்கிற பக்கம் அப்படியே ஒதுங்கி வந்தது. சீப்பை எடுத்தால் நேராயிற்று. காட்டினால் மறுபடியும் வளைந்தது. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சீப்பைப் பிடுங்கி நானே செய்து பார்த்தேன். பிறகு எண்ணெய் டின். அதே சீப்பு, அதே வாரல். எண்ணெய்த் தாரை அசைவேனா என்றது. "தண்ணிக்கு ஒரு பக்கம் மின்சாரம் கூட, ஒரு பக்கம் கொறைச்சல். அதனால சீப்பு கூப்புட்டா திரும்பிப் பாக்கும். எண்ணெய்க்கு எல்லாப் பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்" என்றவள், உடனே குரலைத் தாழ்த்தினாள். "காலேஜ்ல இம்புட்டுத்தான் சொன்னாங்க. எனக்கென்னமோ தண்ணி இம்புட்டு வளையுறதுக்கு இது மட்டும் காணாதுன்னு தோணுது. வேற ஏதோ ஒண்ணும் கூடச் சேருது. அதக் கண்டுபிடிக்கணும்." தெரியாத அந்த ஒன்றைச் சொல்லும்போதுதான் அவள் முகத்தில் அதிகச் சந்தோஷம்.

ஒத்திகை இவ்வளவு நன்றாக நடந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அதை நாங்கள் இரண்டு பேருமே கவனிக்கவில்லை. எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் குளித்தால் தலைமுடி கயிறாகிவிடும். குழாயில் ஆத்தூர்த் தண்ணீர் வருகிற நாள் பார்த்துத்தான் பெண்கள் தலைக்குக் குளிப்பது. சனிக்கிழமை தண்ணீர் வந்தது. சைதூன் சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டு முடி பறக்க எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள்.

கூட்டத்தன்று காலையிலும் ஆத்தூர்த் தண்ணீர் வந்தது. ஊரில் பாதி தலைக்குக் குளித்தது. சைதூனை அவள் அம்மா அஜீஸுன்னிசா விடவில்லை. "பெரிய மனுசிக வர்ற எடத்துக்குப் பரட்டத் தலையோடயா போவ?" என்று பிடித்து உட்கார வைத்து, தேங்காய் எண்ணெயை உள்ளங்கை நிறைய ஊற்றித் தேய்த்து, ஒரு மயிர் பிரியாமல் இறுக்கிப் பின்னி, நிலக்கோட்டை மல்லிகையும் வைத்து அனுப்பிவிட்டார்கள். நம் ஊர் மரியாதை அது. யாரைக் குற்றம் சொல்ல?

பிற்பகலில் கூடம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு காதர் பீவி. அவர்களுக்குப் பக்கத்தில் ஆத்தூரில் தோட்டம் வைத்திருக்கிற மாயம்மாள். மகள் இங்கே ஹாஸ்டலில் இருக்கிறாள். சைதூன் சுற்றி வளைக்கவில்லை. "உங்க ஊர்ல பங்குக் கெணறு இருக்கா?" என்று மாயம்மாளிடம் கேட்டாள்.

"எங்களுதே பங்குக் கெணறுதான் டீச்சர்."

"தனியா வெட்ட ரெண்டு பேருக்கும் தோதில்ல. வரப்புல பொதுவா ஒண்ணு வெட்டிக்கிட்டீக. அந்தக் கெணத்த விட்டு ரெண்டு பேரும் எங்கயும் போக முடியாது. அணுவும் அணுவும் அப்பிடித்தான் சேர்ந்திருக்கு. எலெக்ட்ரான்னு ஒண்ணு, அதுதான் கெணத்துத் தண்ணி. ரெண்டு பேரும் ஒரே மாதிரி மாடு பூட்டிக் கமலை வச்சு எறைச்சா பாதிப் பாதி. சண்டையில்ல."

மாயம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பங்காளி கரண்டு மோட்டார் வச்சுப்புட்டான் டீச்சர். கெணறு பொதுதான். தண்ணி பூராம் அவன் பக்கம்ல போகுது."

சைதூன் சந்தோஷத்தில் போட்ட குதியில் முக்காடு நழுவியே விட்டது. "மோட்டார். அதேதான். எனக்கு இது தோணலையே. தண்ணியில பிராணவாயுதான் மோட்டார் வச்சவன். ரெண்டு ஹைட்ரஜனும் கமலக்காரன். கெணறு பொது, ஆனா எலெக்ட்ரான் மோட்டார் பக்கமே சாஞ்சு நிக்கும். அந்தப் பக்கம் கூட, இந்தப் பக்கம் கொறைச்சல். இதுக்கு முனைவுன்னு பேரு." கூடத்தில் தலைகள் ஆடின. பின்வரிசையில் ஒருத்தி இன்னொருத்திக்கு மோட்டாரை விளக்க ஆரம்பித்துவிட்டாள்.

"சோடாவுல நிக்கிற கரியமில வாயு இருக்குல்ல, அதுலயும் மோட்டார் இருக்கு. ஆனா ரெண்டு பக்கமும் ஒரே குதிரை பவர், ஒரே நேர்கோடு" என்று, பக்கத்தில் நின்ற என்னை நடுவே நிறுத்தி, மாயம்மாளையும் இன்னொரு அம்மாளையும் ஆளுக்கொரு கையாக எதிரெதிரே இழுக்கச் சொன்னாள். நான் அசையவில்லை. அப்புறம் இருவரையும் எனக்கு முன்னால் கொஞ்சம் ஒருபக்கமாக நிற்கவைத்து இழுக்கச் சொன்னாள். நான் மூன்றடி ஓடிப்போய் காதர் பீவியின் மடியில் விழாத குறை. கூடம் சிரித்தது. "அம்புட்டுத்தான். இழுக்குற பலம் அதேதான். நிக்கிற நெலைதான் வேற. தண்ணி வளைஞ்சு நிக்கிது, அதனால அதுக்கு ஒரு பக்கம்னு ஒண்ணு உண்டு."

காதர் பீவி சிரிக்கவில்லை. "எல்லாஞ் சரி. திராவகம்?"

"இன்னிக்குத் திராவகமே இல்ல. தண்ணி, எண்ணெ, சீப்பு" என்று சைதூன் டின்னைத் தொங்கவிட்டாள். தாரை இறங்கியது. சீப்பைத் தலையில் வாரினாள், பக்கத்தில் கொண்டுபோனாள். தண்ணீர் நேராக விழுந்துகொண்டிருந்தது. மறுபடியும் வாரினாள். நேராகவே விழுந்தது. மூன்றாம் தரமும் வாரிப் பார்த்தாள். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைமை ஆசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கம்பளியில் தேய்த்தாலும் நடக்கும் என்று சொல்லியிருக்கிறாள். திண்டுக்கல் வெயிலில் கம்பளிக்கு எங்கே போவது? போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

சைதூன் சீப்பைப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள். பளபளவென்றிருந்த விரலைப் பின்னலில் வைத்து எடுத்து மறுபடி பார்த்தாள். "எண்ணெ" என்றாள் மெதுவாக. பிறகு, அழப் போகிறாள் என்று நான் நினைத்த அந்த முகம் மலர்ந்துவிட்டது. "எண்ணெக்கா. எண்ணெ இருந்தா முடியும் சீப்பும் உரசவே உரசாது. வழுக்கிட்டுப் போயிரும். எங்கம்மா குடுத்த எண்ணெ." கூடத்தைப் பார்த்துத் திரும்பினாள். "இன்னிக்குத் தலைக்குக் குளிச்சவுக யாராச்சும் இருக்கீகளா?"

காலையில் குளித்துவிட்டு நுனி முடிச்சோடு வந்தவர்கள் பாதிப் பேர் இருப்பார்கள். ஆனால் எந்தப் பெண் என்றைக்குத் தலைக்குக் குளித்தாள் என்பது சபையில் கேட்கிற கேள்வியா? எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நானோ அன்றைக்குத் தலைக்குக் குளிக்கவில்லை. என் தலை அவள் தலையைவிட மோசம். சைதூனுக்கும் அப்போதுதான் தான் கேட்டது உறைத்திருக்க வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டாள். டின்னிலிருந்து தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

காதர் பீவி எழுந்தார்கள். "பாக்க வந்தத பாக்காமப் போறதா? இங்க ஆம்பள யாரும் இல்லைல?" என்று சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, துப்பட்டியைத் தோளுக்குத் தள்ளி, கொண்டையை ஒரே இழுப்பில் அவிழ்த்தார்கள். இடுப்பு வரை கருகருவென்று விழுந்தது முடி. சாம்பிராணி வாசனை கூடமெங்கும் பரவியது. "குடு சீப்ப."

"செத்த இருங்க" என்று சைதூன் சோப்பு கேட்டாள். சீப்பிலும் எண்ணெய் ஏறியிருந்ததே. தேய்த்துக் கழுவும்போதும் வாய் ஓயவில்லை. தண்ணியும் எண்ணெயும் சேராதல்லவா, சோப்புக்கு ஒரு முனை தண்ணீரைப் பிடிக்கும், இன்னொரு முனை எண்ணெயைப் பிடிக்கும், இரண்டு வீட்டுக்கும் பொதுவான சம்பந்தி மாதிரி நடுவில் நின்று இழுத்துக்கொண்டு போய்விடும் என்றாள். தோற்றுப்போன காரியத்தைக்கூடப் பாடமாக்கிவிட்டாளே என்று எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. சீப்பை முந்தானையில் ஈரமில்லாமல் துடைத்து நீட்டினாள்.

காதர் பீவி அண்டாவில் சோறு கிளறுகிற கையால் வாரினார்கள். சடசடவென்று சத்தம் கேட்டது. சீப்பை யாரிடமும் கொடுக்காமல் தாமே தாரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்கள். தண்ணீர் ஒதுங்கி வந்தது. நன்றாக, வில் மாதிரி வளைந்து வந்தது. "யா அல்லா" என்றார்கள், வாய்க்குள்ளே. சீப்பை எடுத்தார்கள், வைத்தார்கள், அந்தப் பக்கம் சுற்றிப் போய் வைத்தார்கள். அந்தப் பக்கமும் வந்தது. எண்ணெய் டின்னில் வைத்துப் பார்த்தார்கள். அசையவில்லை. மறுபடி தண்ணீருக்கு வந்தார்கள். அதற்குள் கூடத்தில் பாதிப் பேர் எழுந்து வந்துவிட்டார்கள். கொண்டைகள் அவிழ்ந்தன. சீப்புக்குப் பிடுங்கல் ஆரம்பமாயிற்று. தலைமை ஆசிரியை கடிகாரத்தை மறந்துவிட்டு, "எனக்கு ஒரு தடவை" என்றார்.

அதற்காக யாரும் அங்கேயே சேருகிறோம் என்று சொல்லிவிடவில்லை. தண்ணீர் தீர்ந்ததும் கொண்டையை முடிந்துகொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். காதர் பீவி போகும்போது, "நாளைக்குத் திராவகத்தத் தொடுறப்ப பக்கத்துல நிப்பீகளா?" என்று மட்டும் கேட்டார்கள். "என் கைதான் மொதல்ல போகும்" என்றாள் சைதூன். காதர் பீவி துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியிறங்கிவிட்டார்கள். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற அன்று வகுப்பில் வந்து உட்காருகிற தலைகளை எண்ணி முடிவு செய்யலாம் என்றார் தலைமை ஆசிரியை. அதுவரை சைதூனுக்குச் சோறு இறங்கவில்லை. பந்தியில் நெய்யையும் தண்ணீரையும் மோத விடுவதைக்கூட நிறுத்திவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளி திறந்த அன்று காலையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு போனேன். வளர்மதி தலையைப் பொத்திக்கொண்டாள். எண்ணெய் வைத்து ரெட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்ட வேண்டும் என்பது பள்ளிக்கூடச் சட்டம். "வேணாம்மா, காதர் பீவி பெரியம்மா சொல்லிருக்காங்க" என்று ஓடிவிட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னாலேயே போனேன்.

வராந்தாவில் சைதூன் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். புது வகுப்புக்குள் போகவில்லை. முக்கியமான நாள் அல்லவா, அவள் அம்மா அன்றைக்கும் கையை வைத்துவிட்டார்கள். நெற்றியோரம் எண்ணெய் வழிகிறது. "உள்ள எத்தனை பேருன்னு நீங்க பாத்துச் சொல்லுங்கக்கா" என்றாள். அதற்குள் தலைமை ஆசிரியை அந்த அறையிலிருந்து சிடுசிடுவென்று வெளியே வந்தார். "என்ன டீச்சர் இது? உங்க வகுப்புல ஒரு பிள்ளை தலையிலயும் பொட்டு எண்ணெ கிடையாது. இருபத்திரண்டும் பேய் மாதிரி உட்கார்ந்திருக்கு."

சைதூன் என் கையை ஒரு தரம் அழுத்திவிட்டு உள்ளே போனாள். இருபத்திரண்டு தலைகளும் உப்பிப் பறந்துகொண்டிருந்தன. அவள் வணக்கத்துக்குப் பதில் சொல்லவில்லை, பெயர் கூப்பிடவில்லை. கைப்பையைத் திறந்து கறுப்புச் சீப்பை எடுத்து முந்தானையில் துடைத்தாள். முன் பெஞ்சில் இருந்த குர்ஷித் பேகம், கேட்பதற்கு முன்பே ரிப்பனை உருவிவிட்டுத் தலையைக் குனிந்து கொடுத்தாள்.